அல்சூர் ஏரித் தண்ணீர் எங்கே போகிறது? டோப்போ ஷீட்டும் கூகுள் எர்த்தும்

பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு வடிநிலம் (ஓர் ஆற்றுக்கு நீர் வடியும் நிலப்பரப்பு) நடத்த இதைவிட நல்ல கேள்வி இல்லை. அல்சூரில் வழிந்த நீர் ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாயில் இறங்கி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினி ஆற்றில் சேரும். ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நிற்கும்போது அதன் பெயர் தென்பெண்ணை. மேற்குச் சரிவில் பெய்த மழையோ விருஷபாவதி, அர்க்காவதி வழியே காவிரிக்குப் போகிறது. சுவரில் தொங்கும் இந்தியப் படத்தில் இதில் எதுவும் தெரியாது.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில், அதாவது டோப்போ ஷீட்டில், தெரியும். பழைய எண் முறையில் அல்சூரும் பெல்லந்தூரும் 57 எச்/9. ஆனால் 13 பாகை அட்சக்கோடு நகரை வெட்டுவதால் ஹெப்பாள் 57 ஜி/12-க்குப் போய்விடும். ஒரே தாளை வாங்கிவிட்டு ஹெப்பாளைத் தேடாதீர்கள். அல்சூர், பெல்லந்தூர் ஏரிகளுக்கு நடுவே தாளில் ஏறக்குறைய 14 செ.மீ., அதாவது 7 கி.மீ.

தவறு பெரும்பாலும் அச்சிடுவதில்தான். படம் மட்டுமே சுமார் 54 × 55 செ.மீ. ஏ3 தாளில் அடக்கினால் பாதியாகச் சுருங்கும். தலைப்பில் 1:50,000 என்றே இருக்கும், பிள்ளைகள் அளக்கும் தூரமோ பாதியாகிவிடும். ஏ1 தாளில் 100 சதவீத அளவில் அச்சிடுங்கள். முடியாவிட்டால் படத்தோடு சேர்ந்து சுருங்கும் கோட்டளவையை (கி.மீ. குறித்த அளவுக் கோட்டை) மட்டும் நம்புங்கள். தாளின் ஓரத்தில் அளந்த ஆண்டும் இருக்கும்; ஏரியின் வடிவம் அந்த ஆண்டினுடையது.

தாளின் பலவீனம், சம உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்றுதான். மெல்லச் சரியும் இந்த ஊரில் கோடுகள் அரிதாகவே வரும். அங்கே கூகுள் எர்த் ப்ரோ கைகொடுக்கும்: பாதை வரைந்து, வலது கிளிக் செய்து, உயரக் குறுக்குவெட்டைக் கேட்டால் போதும். ஆனால் கால்வாய் நெடுக வரைந்தால் வரைகோடு ரம்பப்பல்லாக வந்து, தண்ணீர் மேட்டில் ஏறுவதாகக் காட்டும்; உயரத் தரவு அவ்வளவு நுட்பமானதல்ல. மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் குறுக்கே வரையுங்கள். செங்குத்து அச்சு தானாக நீள்வதால் சின்னச் சரிவும் மலைபோல் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளைகள் அதை நிஜமென்று நம்பிவிடுவார்கள்.

இஸ்ரோவின் இணைய வரைபடத் தளமான புவன், நிலப்பயன்பாட்டு அடுக்குகளுக்கு நல்லது. ஓடைப் பாடத்துக்கு அவசியமில்லை.

எர்த்தை முதலில் காட்டினால் யாரும் கோடுகளைப் படிக்க மாட்டார்கள். விடைதான் திரையில் வந்துவிட்டதே! டிரேசிங் தாளில் ஏரிகளையும் ஓடைகளையும் நீலப் பென்சிலால் எடுத்து, நீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்டு முடித்த பிறகு புரொஜெக்டரைப் போடுங்கள்.