ஈரக் காங்கிரீட்டில் போர்சலைன் டைல்ஸ்: கலவையா, பசையா, தாங்கியா?

மழை விட்ட மறுநாள், முற்றத்தில் ஒட்டியிருந்த ஒரு டைல்ஸின் ஓரத்தில் கரண்டியைக் கொடுத்து நெம்பினேன். தோசை போலக் கிளம்பி வந்தது. பின்பக்கம் துடைத்து வைத்ததுபோல் சுத்தம். கலவை முழுக்கத் தரையிலேயே இருந்தது.

போர்சலைன் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சாதாரணச் செராமிக் டைல்ஸ் சிமென்ட் பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். போர்சலைனில் அப்படி உறிஞ்சும் துவாரங்கள் அநேகமாக இல்லை. அதனால் வெறும் மணல்-சிமென்ட் கலவை இங்கே முதலில் தோற்கிறது. கலவையைக் குவியல் குவியலாக வைத்து அழுத்தினால் இன்னும் மோசம்: இடையில் உள்ள பள்ளங்களில் மழைநீர் தேங்கும், சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இடுக்குகள் வழியே வெள்ளையாக உப்புப் பூக்கும். மலிவுதான், ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம்.

வாளியில் குழைத்தே வரும் ரெடிமேட் பசை? தொடவே தொடாதீர்கள். அது நீர் ஆவியானால்தான் இறுகும். மேலே நீர் புகாத டைல்ஸ், கீழே ஈரக் காங்கிரீட். எங்கே போய்க் காயும்?

பாலிமர் சேர்த்த சிமென்ட் பசைத் தூள்தான் என் தேர்வு. சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஆகவே தரை ஈரமாக இருக்கலாம். நீர் பளபளவென்று நிற்கக் கூடாது. மூட்டையில் சி2 (C2) என்றும் எஸ்1 (S1) என்றும் இருக்கிறதா பாருங்கள். சி2 என்றால் கூடுதல் பிடிப்புள்ள சிமென்ட் பசை. எஸ்1 என்றால் வெயிலிலும் குளிரிலும் தரை அசைவதைத் தாங்க ஓரளவு வளையும். கூடவே எஃப் (F) என்ற எழுத்து இருந்தால் சீக்கிரம் இறுகும், அடுத்த மழைக்கு முன் தப்பிக்கலாம். பல் கரண்டியால் தரையில் ஒரே திசையில் கோடு இழுங்கள், டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாகப் பூசுங்கள். முதல் டைல்ஸை ஒட்டியதும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: முதுகு முழுக்கப் பசை பட்டிருக்க வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்திவிடுங்கள். புதிய காங்கிரீட் என்றால் 28 நாள் பொறுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் தாங்கிகள் வேறு வழி. 20 மி.மீ. தடிமன் டைல்ஸை மூலைக்கொரு தாங்கியில் வெறுமனே வைப்பது. பசையும் இல்லை, இடுக்கை நிரப்பும் கிரவுட்டும் இல்லை. தூறலில் நனைந்துகொண்டே செய்யலாம். இடைவெளி வழியே தண்ணீர் கீழே இறங்கி ஓடிவிடும். எப்போதுமே காயாத தரைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் தரைமட்டம் உயரும், வாசற்கதவு இடிக்கலாம். நடந்தால் டொக்டொக்கென்று கேட்கும். காற்று வீசும் மொட்டை மாடி என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

எந்த வழியானாலும் காங்கிரீட்டுக்கு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வாட்டம் (நீர் வடியும் சரிவு) இருக்க வேண்டும். பசை வேலை என்றால் தார்ப்பாயை டைல்ஸ் மேல் போர்த்தாமல் கம்பு நட்டுத் தூக்கிக் கட்டுங்கள், அடியில் காற்று ஓடட்டும்.