கேட்காமலே காற்று தரும் ரெகுலேட்டர்: 7 வருட அனுபவம்

போன வாரம் சர்வீஸ் முடிந்து, கடலுக்கடியில் மூச்சு விட சிலிண்டரில் மாட்டிக்கொள்ளும் என் டைவிங் ரெகுலேட்டர் வீடு வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலமே அக்கா மகனிடமிருந்து செய்தி. புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்கிற டைவிங்கின் முதல் கட்டப் பயிற்சியை முடித்துவிட்டானாம். "மாமா, நீங்க வச்சிருக்கிற அதே ரெகுலேட்டர் இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கிடலாமா?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. 7 வருடம், 140-க்கு மேல் டைவ், 4 சர்வீஸ். அந்த நாலில் மூன்று எனக்குத் தண்டச் செலவு.

டயஃப்ரம் வகையா பிஸ்டன் வகையா, எடை எவ்வளவு, ஹோஸ் எத்தனை என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே எழுதியிருக்கும். நான் சொல்ல வந்தது ஒரு சத்தத்தைப் பற்றி.

கர்நாடகக் கடற்கரையின் முருடேஸ்வரிலிருந்து நேத்ராணித் தீவுக்குப் போகும் படகு. காலை 7 மணி. சிலிண்டரில் மாட்டி, வால்வைத் திறந்து, பெஞ்சில் சாய்த்து வைப்பேன். அரை நிமிடம் சத்தமே இருக்காது. அப்புறம் மெல்ல ஆரம்பிக்கும், ஸ்ஸ்ஸ் என்று. வாயில் வைத்து ஒரு மூச்சு இழுத்தால் நின்றுவிடும். கீழே வைத்தால் மறுபடி சீறும். தண்ணீருக்குள் போனாலும் விடாது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில், கன்னத்தை ஒட்டி நூல் பிடித்தாற்போல் குமிழிகள் போய்க்கொண்டிருக்கும். உயிருக்கு ஆபத்தான கசிவு இல்லை. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்றால் சுமார் 2,200 லிட்டர் காற்று. இந்தக் கசிவில் போவது அதில் சிறு பங்குதான். ஆனாலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொன்னால்தான் மீதி புரியும்.

ரெகுலேட்டரின் வேலையே கேட்டால் கொடுப்பது, கேட்காவிட்டால் சும்மா இருப்பது. சிலிண்டரில் மாட்டும் பகுதியான முதல் நிலை, அதன் 200 பாரைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 10 பார் போல அதிகம் என்கிற அளவுக்கு இறக்கிவிடும். வாயில் கடிக்கும் இரண்டாம் நிலையில் ஒரு ரப்பர் சவ்வு. நாம் இழுத்தால் அது உள்வாங்கி ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தும், வால்வு திறக்கும். இழுப்பதை நிறுத்தினால் மூடிக்கொள்ளும். 20 மீட்டர் ஆழத்தில் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு அழுத்தம். அங்கே இழுக்கிற காற்றும் அதே மூன்று மடங்கு அழுத்தத்தில் வரும். நெஞ்சு நசுங்காமல் சாதாரணமாக மூச்சு விட முடிகிறதென்றால் அதனால்தான்.

இதற்காக மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1860-களிலேயே பிரான்சில் சுரங்கப் பொறியாளர் ரூக்கேரோலும் கடற்படை அதிகாரி டெனேரூஸும் கேட்டால் காற்று தரும் வால்வைச் செய்துவிட்டார்கள். ஆனால் அதிக அழுத்தம் தாங்கும் சிலிண்டர் அன்று இல்லை. 1926-இல் இன்னொரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லெ பிரியர் சிலிண்டரோடு இறங்கினார். காற்று விடாமல் ஓடிக்கொண்டே இருந்ததால் சீக்கிரம் தீர்ந்துபோனது. 1942 கடைசியில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிசில், பெட்ரோல் தட்டுப்பாட்டுக்காகக் காரை எரிவாயுவில் ஓட்ட ஒரு வால்வு செய்துகொண்டிருந்தார் எமில் கான்யான். ஏர் லிக்விட் நிறுவனத்தின் பொறியாளர். அவரைத் தேடி வந்தவர் கடற்படை அதிகாரி கூஸ்தோ. அந்தக் கார் வால்வைத்தான் இருவரும் மூச்சுக்காக மாற்றி அமைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். மார்ன் ஆற்றில் முதல் சோதனை. கூஸ்தோ படுத்த நிலையில் நீந்தினால் எல்லாம் சரி. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொப்பளித்து வெளியேறியது. தலைகீழாகப் போனால் இழுக்கவே சிரமம். மூச்சு வெளியேறும் துளை ஓரிடத்திலும் காற்றைத் தரும் வால்வு வேறிடத்திலும் இருந்ததால், உயர வித்தியாசத்துக்கு ஏற்ப நீரழுத்தம் மாறியிருக்கிறது. இரண்டையும் ஒரே மட்டத்தில் கொண்டுவந்து வைத்தார் கான்யான். அவ்வளவுதான். 1943 ஜூனில் பந்தோல் கடற்கரையில் கூஸ்தோ எந்தப் பக்கம் திரும்பினாலும் அது வேலை செய்தது.

அதாவது, இந்தக் கருவி பிறந்த நாளிலேயே எதிர்கொண்ட முதல் குறை, கேட்காமலே காற்று போவது. அதை அன்றே தீர்த்துவிட்டார்கள். என்னுடையதில் காரணம் வேறு, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஸ்ஸ்ஸ் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருவது இதை நினைத்துத்தான். எது இந்தக் கருவியின் உயிரோ, அதில்தான் குறை.

ஒருமுறை தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். சின்ன வயதில் வெறும் மூச்சை அடக்கி இறங்கியவர். பிறகு படகில் கம்ப்ரசர் வந்தது. அதிலிருந்து வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவார். காற்று பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், வேண்டியதை இழுத்துக்கொண்டு மீதியை வாயோரமாக விட வேண்டும். என் ரெகுலேட்டரைக் கையில் வாங்கி, வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். "நாம கேட்டாத்தான் குடுக்குது, என்ன தம்பி!" என்றார். இந்த வேலை தந்த முட்டி வலியோடு உட்கார்ந்திருந்தார் அவர். எத்தனை ஆழம், எத்தனை நேரம், எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாமலே ஒரு ஆயுள் முழுக்கக் கடலில் உழைத்தவர். அன்று அது சீறவில்லை. அதற்காக இந்த ரெகுலேட்டருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். இது ஒழுங்காக இருக்கும் நாளில் இதற்கு ஈடு கிடையாது. மூன்றாவது சர்வீஸுக்குப் பிறகு 9 டைவ் சத்தமே இல்லாமல் இருந்தது. அதில் ஒன்று நேத்ராணியில், 16 மீட்டரில். பாறைக்கு அடியில் பெரிய களவா ஒன்று, மேலே சீலாக் கூட்டம். நான் எதையும் பிடிக்காமல், எதையும் தொடாமல் அப்படியே நின்றிருந்தேன். மூச்சை இழுத்தால் உடம்பு ஒரு சாண் உயரும், விட்டால் ஒரு சாண் இறங்கும். மூச்சை அடக்கக் கூடாது என்பது முதல் விதி. ஆனால் விட்டு முடித்து அடுத்ததை இழுக்கும் முன் ஒரு நொடி தானாகவே வரும். அந்த நொடியில்தான் பாறை கேட்கும். கடுகு பொரிவது போல எல்லாப் பக்கமும் படபடவென்று. கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்திருக்கும் சொடுக்கு இறால்கள் போடும் சத்தம் அது. நான் டைவிங் போவதே அந்த ஒரு நொடிக்காகத்தான். மீன் பார்க்க ஸ்நார்க்கல் போதுமே. பத்தாவது டைவில் ஸ்ஸ்ஸ் திரும்பி வந்து அந்த நொடியைப் பிடுங்கிக்கொண்டது.

இந்த முறை வேறொருவரிடம் கொடுத்தேன். அவர் முதல் நிலையைப் பிரித்து, உளுந்து அளவே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டை லென்ஸுக்கு அடியில் வைத்துக் காட்டினார். சீட் என்பார்கள். வால்வு வந்து அமரும் இடம். அதில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதனால் முழுசாக மூடாமல், ஹோஸுக்குள் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி, இரண்டாம் நிலை தாங்காமல் கசிந்திருக்கிறது. "இத மாத்தவே இல்ல சார், ஓ-ரிங் மட்டும்தான் புதுசு" என்றார். கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களைச் சொல்கிறார். பழைய மூன்று பில்லிலும் முழு கிட் மாற்றியதாகத்தான் எழுதியிருக்கிறது. மூச்சு சம்பந்தப்பட்ட பொருளில் இப்படிச் செய்வார்களா? இதை எழுதும்போதுகூட மனம் ஆறவில்லை. சர்வீஸுக்குச் செலவு செய்த தொகையைக் கூட்டினால் வாங்கிய விலையில் பாதியைத் தொடுகிறது.

என் பக்கமும் தவறு உண்டு. முதல் இரண்டு வருடம், சிலிண்டரிலிருந்து கழற்றிய பிறகு வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு, சுத்தமாகட்டும் என்று, இழுக்காமலே வால்வைத் திறக்கும் பர்ஜ் பட்டனை அழுத்தி அழுத்திக் கழுவினேன். அப்படி அழுத்தினால் ஹோஸுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். இதைத் தயாரித்தவர்கள் கையேட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை.

சரி, வாங்கலாமா? இதுவரை சொன்னதைப் பார்த்தால், நல்ல பொருள், சர்வீஸ்தான் மோசம், வாங்கு என்றுதான் முடிய வேண்டும். ஆனால் இன்றைக்கு என் பதில், வாங்காதே. வருடத்துக்குப் பத்து டைவ் போகிறவனுக்கு, திறந்து பார்த்து உண்மையைச் சொல்லும் ஒரு ஆள் பக்கத்தில் இல்லாதவரை சொந்த ரெகுலேட்டர் வேண்டாம். முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் வாங்கு. காசு மிஞ்சினால், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் வேறு பதில் சொல்வேனோ என்னவோ.

வாடகைக்கு எடுக்கும்போது ஒன்று மட்டும் செய். வால்வைத் திறந்து, வாயில் வைக்கும் பக்கத்தைக் கீழ்நோக்கி வைத்து, பர்ஜைத் தொடாமல் மனதுக்குள் அறுபது எண்ணு. படகு இன்ஜினை அணைத்த பிறகு எண்ணு, இல்லாவிட்டால் காதில் விழாது. சீறினால் வேறு கொடுக்கச் சொல். "இழுத்தா நின்னுடும் சார்" என்பார்கள். கேட்காதே, மாற்றிக் கேள்.