லினக்ஸில் 5.1 ஒலி: அனலாக், ஆப்டிகல், எச்டிஎம்ஐ, இதில் எதை நம்பலாம்?

பொங்கல் விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஹாலில் இருக்கும் லினக்ஸ் கணினியில் ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுக்களைப் பக்கம் போனேன். ஐந்து நிமிடத்தில் குரல் வந்தது: "மாமா, பேசுறவங்க ஏன் எனக்குப் பின்னாடி இருந்து பேசுறாங்க?"

போய் உட்கார்ந்து கேட்டேன். அவன் சொன்னது சரிதான். வசனம் முழுவதும் இடது பக்கத்துப் பின் ஸ்பீக்கரில் வருகிறது. நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில் மழைச் சத்தம். முக்கால் மணி நேரம் ஒலி அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த பிறகுதான் கணினிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கழற்றிய ஒயர்களைத் திரும்ப மாட்டுகையில் கறுப்பும் ஆரஞ்சும் இடம் மாறியிருந்தன. கறுப்பு ஜாக் பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்வூஃபருக்கும். மாற்றிச் செருகினேன், சரியாகிவிட்டது.

லினக்ஸில் சரவுண்ட் ஒலி ஒரு நாள் வரும், மறுநாள் வராது என்று பலரும் சலித்துக்கொள்வார்கள். அதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், மொத்தம் ஆறு சேனல். அந்த ஆறு சேனல் ஒலி ஸ்பீக்கர் வரை போக மூன்று முக்கிய வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வழியும் கெடும் இடம் வேறு, கெட்டதைக் கண்டுபிடிக்கும் விதமும் வேறு. ஒலித் தரத்தை வைத்து இவற்றை ஒப்பிடுபவர்கள் நிறைய உண்டு. நான் இங்கே பார்ப்பது, கெட்டுப்போனால் எது சீக்கிரம் பிடிபடும் என்பதை.

முதலில் அனலாக். மதர்போர்டின் பின்புறம் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று தனித்தனி ஜாக் இருந்தால் வேலை எளிது. பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு. 7.1 வசதி இருந்தால் பக்கவாட்டுக்குச் சாம்பல் நிற ஜாக்கும் இருக்கும். சிக்கல், மூன்றே ஜாக் உள்ள போர்டுகளில்தான். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு மட்டும் இருக்கும். நீலம் லைன்-இன், இளஞ்சிவப்பு மைக். 5.1 வேண்டுமென்றால் அந்த இரண்டும் வேஷம் மாற வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் நீலம் பின் ஸ்பீக்கருக்கும் இளஞ்சிவப்பு சென்டர், சப்வூஃபருக்கும் போகும்.

அந்த மாற்றத்தைச் செய்யும் இடம் அல்சாமிக்ஸர், அதாவது லினக்ஸின் அடிப்படை ஒலி மென்பொருளான அல்சாவின் கட்டுப்பாட்டுப் பலகை. டெர்மினலில் திறந்தால் முதலில் ஒரே ஒரு மாஸ்டர் பட்டைதான் தெரியும். பலர் அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எஃப்6 அழுத்தி உண்மையான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் முழுப் பட்டியலும் விரியும். அதில் 'சேனல் மோட்' என்று ஒன்று இருந்தால் அதை 2-லிருந்து 6-க்கு மாற்ற வேண்டும். சரவுண்ட், சென்டர், எல்எஃப்இ (சப்வூஃபர் சேனல்) மூன்றுக்கும் தனித்தனிப் பட்டை இருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்றின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் அது வாயடைக்கப்பட்டிருக்கிறது, எம் விசையை அழுத்தித் திறந்துவிட வேண்டும். அப்புறம் 'ஆட்டோ-மியூட் மோட்'. முன்பக்க ஜாக்கில் ஹெட்ஃபோன் செருகியதும் பின்பக்க ஸ்பீக்கர்களை அமைதியாக்குவது அதன் வேலை. சில பழைய கேபினட்களில் முன்பக்க ஜாக்கின் தொடுமுனை தேய்ந்துபோய், ஹெட்ஃபோன் இல்லாமலே இருப்பதாகக் காட்டும். "திடீரென்று சத்தமே நின்றுவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் தொடச் சொல்வது இந்த அமைப்பைத்தான்.

இன்னொரு தொந்தரவு, மின்சேமிப்பு. இன்டெல் எச்டி ஆடியோ டிரைவர் சத்தம் எதுவும் இல்லாதபோது சிப்பைத் தூங்கவைக்கும். எழுப்பும்போது 'டப்' என்று ஒரு சத்தம், சில சமயம் முதல் அசை விழுங்கப்படும். டிரைவரின் பவர்-சேவ் மதிப்பை 0 ஆக்கினால் போதும்.

அனலாகில் இவ்வளவு இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடியவை, கையால் தொடக்கூடியவை. கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. ஆறு மின்னலைகள் ஆறு கம்பிகளில் போகின்றன, அவ்வளவுதான்.

ஆப்டிகல் அப்படி இல்லை. சிவப்பு வெளிச்சம் வரும் அந்த மெல்லிய கேபிளைப் பார்த்தாலே டிஜிட்டல், சுத்தம் என்று ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் எஸ்பிடிஐஎஃப் என்னும் அந்த வழியில் அழுத்தப்படாத ஒலி இரண்டு சேனல்தான் போகும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஆறு சேனல் என்றால் நொடிக்கு 4.6 மெகாபிட். ஸ்டீரியோவுக்கு அளவெடுத்துத் தைத்த வழியில் அது நுழையாது. அதனால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். டால்பி டிஜிட்டலின் உச்ச அளவு நொடிக்கு 640 கிலோபிட்.

இதில் இரண்டு நிலைமைகள். டிவிடி போல ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலியை, அதைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டியான ரிசீவருக்கு அப்படியே தள்ளிவிடுவது ஒன்று. பாஸ்த்ரூ என்பார்கள். எம்பிவி, கோடி போன்ற பிளேயர்கள் இதை நன்றாகச் செய்கின்றன. ஆனால் அந்த நேரத்தில் வேறு எந்தச் சத்தமும் கலக்க முடியாது, கணினியின் வால்யூம் பட்டையும் வேலை செய்யாது. மற்றொன்று, விளையாட்டு, பிரவுசர் என்று எல்லா ஒலியையும் கணினியே உடனுக்குடன் சுருக்கி அனுப்புவது. அல்சாவின் ஏ52 பிளக்-இன் இதற்குத்தான். டால்பி டிஜிட்டலில் ஒரு துண்டு என்பது 1536 மாதிரிகள், அதாவது 32 மில்லிநொடி. ஒரு துண்டு நிறைந்தால்தான் சுருக்கவே முடியும். அதன்மேல் ரிசீவர் பிரித்தெடுக்கும் நேரம் வேறு. படத்துக்குப் பிளேயரில் சரிக்கட்டிவிடலாம். விளையாட்டில் துப்பாக்கியின் விசையை அழுத்திய பிறகு சத்தம் வருவது உடனே தெரிந்துவிடும். இந்த பிளக்-இன் ஒரு அப்டேட்டில் பிசகினால் ரிசீவர் ஸ்டீரியோவுக்கு இறங்கிவிடும், அல்லது பேரிரைச்சல் கிளம்பும். படம் மட்டும் பார்ப்பவருக்குத்தான் ஆப்டிகலைச் சொல்வேன்.

எச்டிஎம்ஐ-தான் இன்று பலரின் தேர்வு. காகிதத்தில் பார்த்தால் அதுதான் சிறந்தது. எட்டு சேனல் வரை அழுத்தாத ஒலியை அப்படியே கொண்டுபோகும். ஆனால் நம்பகம் என்று வரும்போது இங்கேதான் அதிகப் பேச்சுவார்த்தை நடக்கிறது. கேபிளின் மறுமுனையில் இருக்கும் கருவி, "என்னால் இத்தனை சேனல் வாங்க முடியும்" என்று தன்னைப் பற்றி ஒரு குறிப்பு கொடுக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவர் அதைப் படித்து ஒலி டிரைவருக்கு ஈஎல்டி என்ற பெயரில் சொல்கிறது. பிராக் கோப்புறையில் அசவுண்ட், அதற்குள் கார்டின் பெயரில் இருக்கும் ஈஎல்டி கோப்பைத் திறந்து பாருங்கள். எல்பிசிஎம் (அழுத்தாத ஒலி) என்ற வரிக்குக் கீழே சேனல் 2 என்று இருந்தால், நீங்கள் மென்பொருளில் என்ன செய்தாலும் ஆறு சேனல் வராது. 6 அல்லது 8 என்று இருந்தால் வழி திறந்திருக்கிறது, கோளாறு அதற்கு மேலே.

பெரும்பாலான டிவிக்கள் 2 என்றுதான் சொல்லும், அவற்றில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர்தானே. கணினியை டிவியில் செருகி, டிவியிலிருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியை டிவியிலிருந்து வெளியே அனுப்பும் வசதி) வழியே சவுண்ட்பாருக்கு அனுப்புகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கணினிக்குத் தெரிவது டிவி மட்டும். போதாக்குறைக்கு சாதாரண ஏஆர்சியிலும் அழுத்தாத ஒலி இரண்டு சேனல்தான் போகும். எச்டிஎம்ஐ 2.1-ஓடு வந்த ஈஏஆர்சியில்தான் அந்தத் தடை நீங்கியது. கணினி, ரிசீவர், டிவி என்ற வரிசையில் இணைத்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே போய்விடும்.

மீதிப் பாதி தூக்கத்தில் இருக்கிறது. எச்டிஎம்ஐ ஒலி படத்தோடு சேர்ந்து பயணிப்பது. திரை அணைந்தால் ஒலியும் போய்விடலாம். இரவில் பாட்டைப் போட்டுவிட்டுத் திரை அணையட்டும் என்று விடுபவர்களுக்கு இது பெரிய எரிச்சல். ரிசீவரை அணைத்து மறுபடி போட்டால், கேபிளைப் பிடுங்கிச் செருகியதாகக் கணினி நினைத்துக்கொண்டு 5.1 சுயவிவரத்திலிருந்து (எத்தனை சேனல் என்று சொல்லும் அமைப்பு) ஸ்டீரியோவுக்கு இறங்கிவிடும். ரிசீவரைப் போட்டுவிட்டு, அப்புறம் கணினியைப் போடும் பழக்கம் வைத்துக்கொண்டால் இது வெகுவாகக் குறையும்.

யுஎஸ்பி பற்றி ஒரே வார்த்தை. 7.1 என்று பெட்டியில் எழுதிய மலிவுக் குச்சிகளில் ஒரே ஒரு ஹெட்ஃபோன் ஜாக் இருந்தால் அது ஸ்டீரியோதான். சிஎம்6206 போன்ற சிப் உள்ள, உண்மையிலேயே பல ஜாக் கொண்ட பெட்டிகள் லினக்ஸில் தனி டிரைவர் இல்லாமல் ஓடும். மதர்போர்டின் ஜாக் கெட்டுப்போனவருக்கு அது நல்ல மாற்று.

சரி, மென்பொருளுக்கு வருவோம். அடியில் அல்சா, அதற்கு மேலே எல்லாச் செயலிகளின் ஒலியையும் கலந்து அனுப்பும் பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர். வெறும் அல்சாவே போதும், நடுவில் எதுவும் வேண்டாம் என்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு பிளேயர் மட்டும் ஓடும் கணினிக்கு அது நியாயம்தான். ஆனால் சவுண்ட் கார்டை நேராகத் திறந்தால் ஒரு நேரத்தில் ஒரு செயலிக்குத்தான் இடம். ஃபயர்ஃபாக்ஸோ 2017-ல் வந்த 52-ஆம் பதிப்பிலேயே அல்சாவைக் கைவிட்டுவிட்டது. அன்றாடக் கணினிக்கு அது ஒத்துவராது.

பல்ஸ்ஆடியோ 2007-ல் ஃபெடோரா 8-லும் மறு ஆண்டு உபுண்டு 8.04-லும் இயல்பு ஒலியமைப்பாக வந்தது. ஆரம்பத்தில் நிறையத் திட்டு வாங்கியது. இன்று அது பக்குவப்பட்ட மென்பொருள், பழைய கணினியில் 5.1 ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டீரியோ பாட்டை ஆறு ஸ்பீக்கருக்கு விரிக்கும் விதம் முரட்டுத்தனமானது. முன்னால் வருவதை அப்படியே பின்னாலும் நகல் எடுத்து ஒலிக்கும். சப்வூஃபருக்கு இயல்பில் எதுவும் போகாது, எல்எஃப்இ ரீமிக்ஸிங்கை நாமே திறந்துவிட வேண்டும்.

பைப்வயரை விம் டேமன்ஸ் எழுதினார். 2021-ல் ஃபெடோரா 34-ல் அது பல்ஸ்ஆடியோவின் இடத்துக்கு வந்தது, உபுண்டு 22.10 அதைப் பின்தொடர்ந்தது. 1.0 பதிப்பு 2023 நவம்பரில். புதிதாக அமைப்பவருக்கு என் ஓட்டு இதற்கே. விரிக்கும் முறை நயமானது: முன் இரண்டிலும் பொதுவாக இருப்பதை நடுவுக்கும், எதிரொலி போன்ற சூழல் ஒலியைச் சிறு தாமதத்தோடு பின்னுக்கும் அனுப்பத் தெரியும். எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்றும் எழுதிவைக்கலாம். நான் 120 வைத்திருக்கிறேன், மிருதங்கத்தின் இடந்தலை இப்போதுதான் சரியாக இறங்குகிறது. ஒரு எச்சரிக்கை: பைப்வயரின் கிளையன்ட் கோப்பில் மட்டும் இதை எழுதினால் பிரவுசருக்கு எட்டாது. பிரவுசர் பேசுவது பைப்வயர்-பல்ஸ் (பல்ஸ்ஆடியோவுக்காக எழுதிய செயலிகளை பைப்வயரோடு இணைக்கும் பகுதி) வழியாக, அதன் கோப்பிலும் எழுத வேண்டும்.

அதன் பெரிய குறை, சத்தம் நின்ற ஐந்து நொடியில் அதன் துணை மேலாளரான வயர்பிளம்பர் ஒலிக்கருவியை நிறுத்திவைப்பது. அனலாகில் இது பெரும்பாலும் தெரியாது. எச்டிஎம்ஐ ரிசீவரோ ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூட்டிக்கொள்ள ஓரிரு நொடி எடுக்கும், அதற்குள் முதல் வசனம் போய்விடும். 'செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்' என்பதை 0 ஆக்கினால் தீர்ந்தது. இணையத்தில் கிடைக்கும், லுவா மொழியில் எழுதிய குறிப்புகள் வயர்பிளம்பர் 0.4-க்கு உரியவை. 0.5-ல் கோப்பின் வடிவமே மாறிவிட்டது, பழையதை அப்படியே ஒட்டினால் ஒன்றும் நடக்காது.

எந்த வழியை எடுத்தாலும் சோதனை ஒன்றுதான்: ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளையை ஆறு சேனல், வேவ் ஒலி என்று கொடுத்து ஓட்டுவது. ஒரு பெண் குரல் 'ஃப்ரன்ட் லெஃப்ட்', 'ஃப்ரன்ட் சென்டர்' என்று சப்வூஃபர் தவிர மற்ற ஸ்பீக்கர்களின் பெயரைச் சொல்லும். சொல்லும் பெயரும் சத்தம் வரும் இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். முதலில் மேலேயுள்ள பைப்வயர் வழியாக, அப்புறம் அதை நிறுத்திவிட்டு நேராக அல்சா வழியாக (அனலாகில் என்றால் சரவுண்ட்51 என்ற கருவிப் பெயர்). இரண்டிலும் தப்பென்றால் ஒயரைப் பாருங்கள். மேலே மட்டும் தப்பென்றால் சுயவிவரத்தைப் பாருங்கள்.

மேசைக் கணினிக்கு நான் அனலாகும் பைப்வயரும் வைத்திருக்கிறேன். மூன்று ஒயர்களிலும் 'முன்', 'பின்', 'நடு' என்று எழுதிய துண்டுகளை ஒட்டியாகிவிட்டது. ஹாலுக்கு ரிசீவர் வாங்கியதும் எச்டிஎம்ஐக்கு மாறினேன். சித்திரை விடுமுறைக்கு அக்கா மகன் மறுபடி வந்தான். படம் போடும் முன் சோதனையை ஓட்டிவிட்டு அவனை நடுவில் உட்காரவைத்தேன். குரல் வந்த பக்கமெல்லாம் கையை நீட்டிக் காட்டினான். ஆறும் சரி.