பீனோ ஆல்பத்தின் கிட்டார் ஒலி: பெரிய ஆம்பா, பூஸ்டரா, பெடலா?

1966-இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு எரிக் கிளாப்டன் வாசித்த ஆல்பம் அது. அட்டையில் அவர் பீனோ சித்திரக்கதை இதழோடு உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அந்த ஒலி வேண்டும் என்பவர்கள் முதலில் ஏங்குவது பழைய சன்பர்ஸ்ட் நிற கிப்சன் லெஸ் பால் கிட்டாருக்கு. 1958 முதல் 1960 வரை வந்தவை; வீட்டை விற்றாலும் கட்டுப்படியாகாது. அவுட்புட் குறைந்த, பழைய பாணி ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் இரட்டைச் சுருள்) உள்ள கிட்டார் போதும். ஒலியின் பாதிக்கு மேல் ஆம்பில், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில் இருக்கிறது.

அந்த ஆம்ப் மார்ஷல் 1962 காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் (1962 என்பது மாடல் எண், ஆண்டு அல்ல). இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், கேடி66 பவர் வால்வுகள் (ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்கள்), வால்வ் ரெக்டிஃபையர் (மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்குவதும் ஒரு வால்வே). வால்யூமை ஏற்றி ஓங்கி மீட்டினால் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கி மீளும்; ஸ்வரம் அமுங்கி, பிறகு பூத்து எழும். கிளாப்டன் டெக்கா ஸ்டுடியோவிலும் மேடைச் சத்தத்தைக் குறைக்க மறுத்தது இதற்காகத்தான். அடுக்குமாடியில் இது நடக்காத காரியம். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போடலாம், ஆனால் ஸ்பீக்கர் திணறும்போது வரும் அந்தக் கரகரப்பு போய்விடும்.

அடுத்த வழி, ஐந்து வாட் வால்வ் ஆம்புக்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் பாணி ட்ரெபிள் பூஸ்டர், அதாவது மேல் ஸ்வரங்களைத் தூக்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டி. உள்ளே இருப்பது ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். அந்தப் பதிவில் கிளாப்டன் இதைப் பயன்படுத்தினாரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எப்படியானாலும் வேலை சரியாகச் செய்கிறது: கீழ் ஸ்வரங்கள் குழையாமல் மேல் ஸ்வரங்களைத் தள்ளிவிட, சின்ன ஆம்பும் சீக்கிரமே உறுமத் தொடங்கும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஒலி தெளிந்துவிடும். ஒரு சிக்கல், ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. நம்மூர் மே மாத மதியத்தில் காலையில் கேட்ட ஒலி கேட்காது.

மூன்றாவது, 1991-இல் மார்ஷலே விட்ட புளூஸ்பிரேக்கர் பெடல், காலால் அழுத்தி இயக்கும் ஒலி மாற்றுப் பெட்டி. பெயரைப் பார்த்து அதே ஒலி வரும் என்று ஏமாந்தவர்கள் உண்டு. மென்மையான, நல்ல பெடல்தான். வால்வ் இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்பில் செருகினால் அந்த அமுங்கி எழும் குணம் மட்டும் வராது.

ஒத்திகைக் கூடம் கைவசம் இருந்தால் பெரிய ஆம்பை வாடகைக்கு எடுத்து ஒருநாளாவது முழுச் சத்தத்தில் வாசித்துப் பாருங்கள். வீட்டுக்கு என்றால் பூஸ்டரும் சின்ன ஆம்பும். பூஸ்டர் கிட்டாருக்கு அடுத்து, வேறு எந்தப் பெடலுக்கும் முன்னால் இருக்கட்டும். கிட்டாருக்கும் பூஸ்டருக்கும் நடுவில் பஃபர் (பல பெடல்களுக்குள் இருக்கும், சமிக்ஞையை வலுவாக்கி அனுப்பும் சுற்று) வந்தால் ஒலி கிறீச்சிடும்.