டெக் போடப் போகிறீர்களா? அடியில் குனிந்து பாருங்கள்

இந்தக் கோடையில் பின்வளவில் டெக், அதாவது வீட்டோடு சேர்ந்த பலகைத் தளம், போட யோசிக்கிற ரொறன்ரோப் பக்கத்து ஆட்களுக்காக எழுதுகிறேன். போட்டவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

2021 இல் எங்கள் ஸ்காபரோ வீட்டில் 12 அடிக்கு 16 அடி டெக் ஒன்று போட்டோம். அந்த வருடம் மரவிலை தாறுமாறாக ஏறியிருந்ததால், உக்காமலிருக்க மருந்து ஏற்றின பிரஷர் ட்ரீட்டட் மரத்துக்கும், மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்த கம்போசிட் பலகைக்கும் விலை வித்தியாசம் முன்னைப்போல் பெரிதாகத் தெரியவில்லை. சீடர் மரமா கம்போசிட்டா, சாம்பல் நிறமா மண்ணிறமா என்று நானும் மனைவியும் மூன்று கிழமை சண்டை பிடித்தோம். பலகைக்குக் கீழே என்ன வரப்போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

வேலைக்கு வந்தவர் கோயிலில் பழக்கமான ஒருவரின் உறவு. நல்ல வாய். "அண்ணை, இது 25 வருச வாரண்டிப் பலகை. நீங்கள் வீட்டை வித்தாலும் டெக் நிக்கும்" என்றார். காசாகத் தந்தால் 13 வீத வரி இல்லை என்றும் சொன்னார். எனக்கும் அது இனித்தது, மறைக்க என்ன இருக்கிறது. 11,000 டொலரைக் கையில் கொடுத்தேன். பற்றுச்சீட்டு இல்லை. நகரசபையிடம் பெமிற், அதாவது அனுமதி, எடுக்கவேண்டாமா என்று கேட்டதற்கு, "உயரம் குறைவு, தேவையில்லை" என்றார். ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் பெமிற் வேண்டும். எங்களுடையது 70. அதை நான் அளந்தது எல்லாம் கெட்ட பிறகு.

மூன்று நாளில் முடித்துவிட்டார். பார்க்க நல்ல அழகு.

அடுத்த மார்ச்சில் ஒருநாள் பின்கதவு திறக்கவில்லை. டெக்கின் வெளிப்பக்கம் ஒன்றரை அங்குலம் எழும்பி, உருகிய பனித்தண்ணீர் வீட்டுப் பக்கமாக ஓடிவந்து வாசற்படியில் உறைந்திருந்தது. பக்கத்து வீட்டு இத்தாலியர் ஓய்வுபெற்ற தச்சர். ரோர்ச்சைப் பிடித்தபடி அடியில் ஊர்ந்து போனவர், தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். டெக் போட்டவர் தூண்களுக்குக் குழியே தோண்டவில்லை. புல்லை வழித்துவிட்டு, கடையில் விற்கிற கொங்கிறீற் கட்டைகளை வைத்து அதன்மேல் நிறுத்தியிருக்கிறார். இங்கே நிலம் நாலடி ஆழம் வரை உறையக்கூடும் என்றுதான் கணக்கு. அத்திவாரம் அதற்குக் கீழே போகவேண்டும். எங்கள் வளவு களிமண். தண்ணீரைக் குடித்து, உறைந்து, வீங்கி, மேலே இருப்பதைத் தூக்கும். டெக்கின் மறுபக்கமோ வீட்டுச் சுவரில் பூட்டியிருந்தது. வீடு அசையாது. அதுவும் முகப்புச் செங்கல்லில் பூட்டியிருக்கிறார். அந்தச் செங்கல் வீட்டுக்கு வெறும் மேற்சட்டை, பாரம் தாங்குவதற்கு இல்லை.

ஆளைக் கூப்பிட்டேன். "அண்ணை, கனடாக் குளிர்தானே, எல்லாருக்கும் எழும்பும்" என்றார். அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

இரண்டாவது குளிர் முடிய, சட்டத்து மரத்தில் துரு வழிந்தது. ஆர்செனிக் கலந்த மருந்து 2004 தொடக்கத்தோடு வீட்டு மரங்களிலிருந்து போய், செம்பு கூடிய மருந்து வந்துவிட்டது. அந்தச் செம்பு சாதாரண ஸ்குறூவைத் தின்னும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்ததோ ஸ்ரெயின்லெஸ்ஸோ போடவேண்டும். இவர் போட்டது வீட்டுக்குள் பாவிக்கிற மஞ்சள் ஸ்குறூ. பனி உருகட்டும் என்று படியில் உப்பை அள்ளி எறிந்து துருவைக் கூட்டிய பாவம் என்னுடையது.

மரமும் தப்பவில்லை. இங்கே கிடைக்கிற, பச்சை நிறமான பிரஷர் ட்ரீட்டட் மரத்தில் மருந்து மேல்தோலில்தான் ஊறியிருக்கும். வெட்டினால் நடுவில் வெள்ளை தெரியும். வெட்டின முனைக்குத் திரும்ப மருந்து பூசவேண்டும். இவர் ஒன்றுக்கும் பூசவில்லை. நான்காவது வருடம் ஸ்குறூட்றைவரால் முனையில் குத்தினேன். புட்டுக்குள் இறங்குவது போல இறங்கியது.

சரி, 25 வருட வாரண்டி இருக்கிறதே என்று, பலகை நடுவில் தொய்வதைப் பற்றிக் கொம்பனிக்கு எழுதினேன். கீழ்ச்சட்டங்களின் இடைவெளியை அளவுநாடா வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். 16 அங்குலம் இருக்கவேண்டும், எங்களுடையது 24. எனக்கெதிரான சாட்சியை நானே படம் பிடித்து அனுப்பினேன்.

எழுத்தில் ஒப்பந்தம் இருந்திருந்தால் கதை வேறு. ஒன்ராறியோவில் வீட்டுக்கு வந்து எழுதுகிற ஒப்பந்தத்தை, பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். எழுத்தில் தந்த மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதத்தைவிட அதிகமாகக் கேட்கவும் முடியாது. என்னிடம் இருந்தது அளவு குறித்த ஒரு துண்டு மட்டும்.

2025 கோடையில் எல்லாவற்றையும் கழற்றி, பெமிற்றோடு திரும்பப் போட்டோம். தோண்ட முதல் ஒன்ராறியோ வன் கோல் என்கிற சேவைக்கு அறிவிக்கவேண்டும். காஸ், மின்சார லைன்களை இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள். முதல் ஆளுக்கு அந்தத் தேவையே வரவில்லை! வேடிக்கை என்னவென்றால், மூன்று கிழமை சண்டை பிடித்து எடுத்த அந்தச் சாம்பல் கம்போசிட் பலகைகள் மட்டும்தான் பழுதாகவில்லை. கழுவித் திரும்பப் பூட்டினோம்.

கொங்கிறீற் ஊற்ற முதல் ஒவ்வொரு குழிக்குள்ளும் அளவுநாடாவை இறக்கிப் படம் எடுத்தேன். புதிய ஆள் சிரித்தார். சிரிக்கட்டும்.