ரேடியோ லைசென்ஸ் புத்தகம் வாங்குகிறீர்களா? முத்திரை வட்டத்தைப் பாருங்கள்

ரேடியோ கேட்கவும் லைசென்ஸ் வேண்டியிருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. 1885 தந்திச் சட்டத்தின் கீழ் தபால் ஆபீசில் கொடுத்த சின்னப் புத்தகம் அது. எழுபதுகளில் வீட்டு ரேடியோவுக்கு ஆண்டுக்கு 15 ரூபாய். கட்டினால் பி.ஆர்.எல். ஸ்டாம்பை, அதாவது ரேடியோ லைசென்ஸ் கட்டணத்துக்கான ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி, அதன் மேல் தேதி முத்திரையைக் குத்தித் தருவார்கள். எண்பதுகளின் நடுவில் அந்தக் கட்டணமே போய்விட்டது. பல வீடுகளில் புத்தகமும் பழைய பேப்பர்காரரிடம் போனது. எங்கள் தாத்தாவின் மர்பி ரேடியோ புத்தகமும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். அந்த ஏக்கத்தில்தான் நான் ஏமாந்தேன்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் படம் அனுப்பினார். அட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை, உள்ளே வரிசையாகப் பத்து வருட ஸ்டாம்ப். “ஒரு வருஷம்கூட விடுபடலை சார்.” 3,800 ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

ஸ்பீட் போஸ்டில் வந்ததை ஜன்னலோரம் வைத்து லென்ஸில் பார்த்தேன். முதல் இரண்டு பக்கம் சுத்தம்: முத்திரையின் பாதி ஸ்டாம்பிலும் மீதி தாளிலும் விழுந்து, வட்டம் முழுசாகக் கூடியது. மூன்றாம் பக்கத்தில் ஸ்டாம்பின் மேலிருந்த முத்திரைக் கோடு அதன் விளிம்போடு நின்றுவிட்டது. தாளில் இருந்த வளைவோ வேறெங்கோ போனது. புத்தகத்தைச் சாய்த்தால் ஸ்டாம்பைச் சுற்றி ஃபெவிகால் பளபளப்பு. ஒரு ஓரத்தில் நூலளவு வெளிறிய பட்டை. அசல் ஸ்டாம்ப் இருந்த இடம் அது. இப்படியே எட்டுப் பக்கம். அசலைப் பிரித்துத் தனியாக விற்றுவிட்டு, கிடைத்ததை ஒட்டி நிரப்பியிருக்கிறார்கள்.

கேட்டதற்கு, “பழைய பொருள்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.

தபால்தலை சேகரிப்பவர்களுக்குப் பழக்கமான எச்சரிக்கை ரெவின்யூ ஸ்டாம்பில் எளிதாக மறந்துபோகிறது. தனி ஸ்டாம்ப் என்றால் விளிம்புத் துளைகளையும் தாளையும் பார்க்கிறோம். புத்தகம் என்றால் நாற்பது வருடத் தூசியைப் பார்த்தே மனம் இளகிவிடுகிறது. நேர் மேலிருந்து எடுத்த படத்தை நம்பாதீர்கள். பக்கம் பக்கமாகப் புரட்டி, பக்கவாட்டில் வெளிச்சம் விழ, வீடியோ கேளுங்கள். ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துச் சோதிக்கிறேன் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். நல்ல பக்கமும் பாழாகும்.

போன வாரம் நண்பர் ஒருவர் இதே புத்தகத்தின் படத்தை எனக்கு அனுப்பி, “வாங்கலாமா?” என்று கேட்டார். அதே டீ கறை. விலை 4,500. புத்தகம் என் பீரோவில் இருக்கிறது.