வாரத் தொடரா, எழுதி முடித்த நாவலா?

நாவலை வாராவாரம் ஒரு அத்தியாயமாக எழுதி அச்சுக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் கடைசி வரிவரை எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் வெளியே காட்டலாம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தொடரில் கெடுதான் முதலாளி. மூட் வரவில்லை என்று உட்கார்ந்திருக்க முடியாது. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை இப்படித்தான் எழுதினார். அத்தியாயம் ஒரு ஆபத்திலோ சந்தேகத்திலோ நிற்கும்; அடுத்த இதழ் வரும்வரை வாசகருக்கு இருப்புக்கொள்ளாது. அந்த வேகம் தனியாக எழுதும்போது லேசில் வராது.

ஆனால் அச்சானது அச்சானதுதான். மூன்றாம் அத்தியாயத்தில் அத்தையை விதவை என்று எழுதிவிட்டோம். இருபதாவதில் மாமா உயிரோடு தேவைப்படுகிறார். என்ன செய்வது? காணாமல் போனவர் திரும்பி வந்தார் என்று ஒட்டுப்போட வேண்டியதுதான். வாசகர் மூன்றே வரியில் கண்டுபிடித்துவிடுவார்.

முழுசாக எழுதுகிறவர் மாமாவைச் சத்தமில்லாமல் பிழைக்க வைத்துவிடலாம். கதை யாருடையது என்பதே சில சமயம் நூறு பக்கம் தாண்டித்தான் பிடிபடும். பிறகு முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதலாம். பாதியை வெட்டலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அவசரமும் இல்லை: எழுத்தாளர் சுந்தர ராமசாமியின் நாவல்கள் மொத்தமே மூன்று; 1966, 1981, 1998 என்று பல வருட இடைவெளி விட்டு வந்தவை.

யாரும் கேட்காததுதான் இதில் ஆபத்தும். திருத்திக்கொண்டே இருந்து முடிக்காமலே போனவர்கள் நிறைய. இருந்தாலும் முதல் நாவல் என்றால் முழுசாக எழுதுங்கள் என்பேன். தொடருக்கு ஆசைப்பட்டால், பத்து அத்தியாயமாவது கையிருப்பு இல்லாமல் பத்திரிகை ஆசிரியரிடம் சரி சொல்லாதீர்கள்.